ஹாஜிரா வேண்டாம் என்றதெல்லாம்

இந்த சீட்டுக்கு ஆள் வருகிறதா அண்ணே? இல்லையே? உட்கார்ந்துகொள்கிறேன். ஜன்னலோரம் நீங்களே இருங்கள். எனக்கு இன்றைக்கு வெளியே பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளேயும் பிடிக்கவில்லை.

தேனி வரைக்கும்தானே? நல்லது. அதற்குள் உங்களை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைக்கிறேன், சத்தியம். என்னிடம் ஒரு சரக்கு இருக்கிறது. ஹாஜிராவின் குரல். அதை எடுத்துவிட்டால் இந்த பஸ்ஸே குலுங்கும். ஆனால் இப்போது எடுக்க மாட்டேன். அவள் யார், எனக்குச் செய்த அநியாயம் என்ன என்று தெரிந்தால்தான் உங்களுக்குச் சிரிப்பு வரும். அதுவரைக்கும் பொறுக்க வேண்டும்.

நம்பிக்கை வரவில்லையா? சாம்பிள் ஒன்று காட்டுகிறேன். கண்டக்டர் பின்னால்தானே நிற்கிறார்? சரி. நாக்கை இப்படி மடித்து, உதட்டை இப்படி இழுத்து.

பார்த்தீர்களா? டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். "எவன்யா விசில் குடுத்தது? எறங்குறவக யாருய்யா?" திரும்பிப் பார்க்காதீர்கள் அண்ணே, மாட்டிக்கொள்வோம். உங்கள் திராட்சைப் பையைப் பாருங்கள். பன்னீர் திராட்சையா அது? ஒரு கொத்து எடுத்துக்கொள்கிறேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

என் பேர் வேல்பிரகாஷ். அது வீட்டோடு சரி. கம்பத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் போய் வேல்பிரகாஷ் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ரேடியோ என்று கேளுங்கள், வாட்ச்மேனே கூட்டிக்கொண்டு வந்து விடுவார். ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். எனக்கு ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் எச்.எம். செல்லத்துரை சார் இருக்கிறாரே, அவர் பேசுவதற்கு முன்னால் ஒரு கனைப்பு, கனைப்புக்குப் பின்னால் ஒரு "ஆகவே". முன்னால் எதுவுமே சொல்லியிருக்க மாட்டார், ஆனாலும் ஆகவே. "ஹ்ம்ம். ஆகவே மாணவச் செல்வங்களே."

அந்த ஆகவேயில்தான் நான் மாட்டினேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரேயர் மைக் ஆஃப் ஆகாமல் கிடந்தது. சும்மா கிடக்கிற மைக்கைப் பார்த்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. "ஹ்ம்ம். ஆகவே மாணவச் செல்வங்களே, இன்று மதியத்துக்கு மேல் பள்ளி விடுமுறை." அவ்வளவுதான் சொன்னேன். பாதிப் பள்ளிக்கூடம் கேட்டைத் தாண்டிவிட்டது. பி.டி. சார்தான் முதல் ஆளாக வண்டியைக் கிளப்பினார், அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னை மட்டும் கேட்டார்கள்.

தண்டனை என்ன தெரியுமா? ஆண்டு விழாவில் என் மிமிக்ரி கிடையாது. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன் அண்ணே. அந்த மேடை எனக்கு உயிர். எங்கள் அப்பா லாரி ஓட்டுகிறவர், குமுளி வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி கொண்டு போவார். வீட்டில் இருக்கிற நேரத்தில் தூங்குவார், தூங்காத நேரத்தில் முறைப்பார். போன வருஷ விழாவில் எனக்குக் கொஞ்ச நேரம் மைக் கொடுத்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், சிரித்துச் சிரித்துக் கடைசியில் தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். இந்த வருஷம் விழாவுக்காகவே லோடை வேறு ஆளிடம் மாற்றிவிட்டு ஊரில் இருக்கிறார். எனக்கு மைக் இல்லை என்று வீட்டில் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

மேடை இல்லாததோடு போகவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஐந்து மணி வரைக்கும் நான் உட்கார்ந்திருக்க வேண்டும், 'இனி தலைமையாசிரியர் போல் பேச மாட்டேன்' என்று நோட்டு நிறைய எழுத வேண்டும். என்னை எங்கே உட்கார வைப்பது என்று எச்.எம்.முக்குக் குழப்பம். ஸ்டாஃப் ரூமில் வைத்தால் வாத்தியார்கள் பேச்சையெல்லாம் கேட்டு மறுநாள் வகுப்பில் பண்ணிக் காட்டிவிடுவேன் என்று பயம். அப்போதுதான் எங்கள் கிளாஸ் லீடர், அதாவது ஹாஜிரா, வருகைப் பதிவேடு கொடுக்க வந்தவள் வாயைத் திறந்தாள். "சார், லேப்ல உக்கார வைங்க சார். அங்க மைக்கும் இல்ல, ஆளும் இல்ல."

கேட்டீர்களா? யாரும் அவளைக் கேட்கவில்லை. தானாக வந்து, தானாகச் சொல்லி, என்னைக் கொண்டு போய் கம்ப்யூட்டர் லேப்பில் அடைத்தவள் அவள். எரிச்சல் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் லேப்பைப் பற்றிச் சொல்கிறேன். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு எல்லா மானிட்டர் நெற்றியிலும் காய்ந்து போய் இருக்கும். அவ்வளவு மரியாதை. ஆனால் ஒன்றும் வேலை செய்யாது. வைரஸ் வந்தது என்று யாரோ ஒருவரைக் கூப்பிட்டார்கள், அவர் வந்து எல்லா மெஷினையும் மொத்தமாகத் துடைத்துவிட்டுப் போனார். வைரஸும் போனது, கூடவே கம்பைலரும் போனது.

கம்பைலர் என்றால் என்ன என்கிறீர்களா? நாம் ஒரு புரோகிராம் எழுதுகிறோம். அது நமக்குப் புரியும், மெஷினுக்குப் புரியாது. நடுவில் ஒருத்தன் இருந்து, முழுவதையும் படித்து, மெஷின் பாஷைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு அரைப்புள்ளி விட்டிருந்தால் போதும், பாதியை மாற்றிக் கொடுக்கிற பழக்கமெல்லாம் கிடையாது, மொத்தத்தையும் முகத்தில் எறிவான். எங்கள் எச்.எம். லீவ் லெட்டர் படிக்கிற மாதிரி. அவன்தான் கம்பைலர். அவன் இல்லாமல் எங்களுக்கு சி பிளஸ் பிளஸ் பாடமே கிடையாது.

பிறகு எப்படிப் படித்தீர்கள் என்று பார்க்கிறீர்கள். போர்டில் படித்தோம். தமயந்தி மிஸ் புரோகிராமை போர்டில் எழுதுவார், அதற்கு என்ன விடை வரும் என்பதையும் அவரே பக்கத்தில் எழுதுவார். "கண்ணுங்களா, இத அப்படியே எழுதிக்கங்க, ஒரு எழுத்து மாறக் கூடாது." நாங்கள் ரெக்கார்டில் பென்சிலால் கட்டம் போட்டு, அவுட்புட் என்று தலைப்புப் போட்டு எழுதுவோம். ஓடவே ஓடாத புரோகிராமுக்கு வந்த விடை. சாப்பிடாமலே ஏப்பம் விடுகிற மாதிரி. மிஸ்ஸைச் சொல்லிக் குற்றமில்லை, வாரத்தில் பாதி நாள் வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

எல்லாரும் நிம்மதியாகத்தான் இருந்தோம். ஹாஜிராதான் கெடுத்தாள். பிராக்டிக்கல் பரீட்சைக்கு வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார், அவர் ஓட்டிக் காட்டு என்றால் என்ன செய்வது, மொத்த வகுப்புக்கும் மார்க் போய்விடுமே என்று ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று கேட்டாள். யாராவது சாயங்காலம் கொஞ்ச நாள் இருந்து எல்லா மெஷினிலும் கம்பைலர் போட்டுக் கொடுங்கள் என்றாள். அவளால் இருக்க முடியாதாம், கோம்பை பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டின பிறகுதானாம். அண்ணன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறானாம், எல்லாம் டவுன்லோட் பண்ணிக் கொடுத்திருக்கிறானாம், போட ஆள்தான் இல்லையாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் உட்காருவதற்குள், அவள் குரலிலேயே, அவள் இழுக்கிற இழுப்பிலேயே, அதே பேச்சை முதலிலிருந்து கடைசி வரைக்கும் திரும்பப் பேசிக் காட்டினேன். வகுப்பே உருண்டது. அதற்குப் பிறகு எவன் கை தூக்குவான்? ஹாஜிரா சிரிக்கவில்லை. அழவும் இல்லை, அதுதான் ஆச்சரியம். என்னை ஒரு பார்வை பார்த்தாள், மனக்கணக்குப் போடுகிறவர்கள் மேலே பார்ப்பார்களே, அந்த மாதிரி. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

செய் என்றால் நான் செய்கிறவனா அண்ணே? அது என் பிறவியிலேயே கிடையாது. எங்கள் அம்மா பால் வாங்கி வா என்றால் வாங்க மாட்டேன். கடைப்பக்கம் போகாதே என்றால் கடையில்தான் நிற்பேன். ஊருக்கே தெரியும்.

இதெல்லாம் நடந்து மறுவாரம்தான் மைக் விவகாரம், நான் லேப்பில் அடைபட்டது. முதல் நாளே வந்துவிட்டாள். மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறவள், லேப் வாசலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்று என்னைத் திட்டினாள். குரலை இப்போது பண்ணவில்லை, விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பீரோவில் மஞ்சள் பென்டிரைவ் இருக்கிறதாம், அதில் கம்பைலர் இருக்கிறதாம், நான் அதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவாளாம். பீரோவைப் பூட்டவும் இல்லை. அவ்வளவு அலட்சியம். சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் பென்டிரைவ் மெஷினில் இருந்தது.

அதைச் சொருகிய பிறகுதான் எனக்கு யோசனையே வந்தது. அண்ணே, இதுதான் என் மூளை. இந்த கம்பைலரை எல்லா மெஷினிலும் போடுவது. அதற்கு முன்னால் நான் எழுதின ஒரு சின்ன புரோகிராமை வாசலில் நிறுத்துவது. பரீட்சையன்று ஹாஜிரா கம்பைல் என்று கட்டளை கொடுத்தால், முதலில் என் புரோகிராம் முழித்துக்கொள்ளும். அது உள்ளே இருக்கிற நிஜ கம்பைலரிடம் கேட்கும். தப்பு இருந்தால் ஸ்பீக்கரில் எச்.எம். குரலில், "ஹ்ம்ம். ஆகவே ஹாஜிரா, நீ இதற்கு லாயக்கில்லை." தப்பே இல்லாவிட்டால் தமயந்தி மிஸ் குரலில், "கண்ணு, யாரப் பாத்து எழுதுன?" எக்ஸ்டர்னல் முன்னால். மொத்த வகுப்பு முன்னால். தப்பு எது, சரி எது என்று தெரிய வேண்டும் என்றால் நிஜ கம்பைலர் ஒழுங்காக உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் எந்த மெஷினில் உட்காருவாள் என்பது பரீட்சையன்று சீட்டுக் குலுக்கித்தான் தெரியும். அதனால் எல்லா மெஷினிலும் போட வேண்டும். வேலை பெரிது. ஆனால் கோபமும் பெரிது.

முதல் மெஷினிலேயே உதைத்தது. டெஸ்க்டாப்பில் 'ரேடியோ' என்று தமிழில் பேர் வைத்து ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்தேன். நம் பேர், நம் பாஷை, அதில் என்ன வெட்கம்? கம்பைலருக்கு அந்தப் பேரைப் படிக்கத் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது, கண்ணெதிரே இருக்கிற ஃபைலை.

மறுநாள் ஹாஜிரா பார்த்துவிட்டாள். அதற்கும் திட்டு. அந்த ஃபோல்டரைத் தூக்கி, சி டிரைவில் நேராக, நடுவில் இடம் விடாமல் இங்கிலீஷில் பேர் வைத்துப் போட்டால் மிஸ்ஸிடம் சொல்லிவிடுவாளாம். போட்டேன். சொல்லட்டும். ஆச்சரியம் பாருங்கள், வேலை செய்தது.

ஆனால் எந்த இடத்திலிருந்து கூப்பிட்டாலும் வர வேண்டுமே, அதற்கு மெஷினிடம் இவன் இன்ன இடத்தில் குடியிருக்கிறான் என்று வழி சொல்லி வைக்க வேண்டும். பாத் என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி எனக்குத் தலை கிறுகிறுத்தது. அன்றைக்கு ஹாஜிராவுக்கு என் மேல் எவ்வளவு வெறி இருந்திருக்க வேண்டும். கண்ட்ரோல் பேனல் பக்கம் போகக் கூடாதாம். அதில் சிஸ்டத்தைத் தொடக் கூடாதாம். அட்வான்ஸ்டு, அதற்குள் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ், அதற்குள் பாத், எதையும் திறக்கக் கூடாதாம். திறந்து, இருக்கிறதை அழிக்காமல் கடைசியில், கம்பைலர் குடியிருக்கிற 'பின்' என்கிற ஃபோல்டரின் பேரைச் சேர்த்துவிட்டால் அம்புட்டுதானாம். நடுவில் அவள் பஸ் ஹாரன் கேட்டது, அப்போதும் நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் ஓடினாள்.

சேர்த்தேன். அப்போதும் வரவில்லை. கட்டளை அடிக்கிற கருப்பு ஜன்னல், அப்படி ஒருவனைத் தெரியவே தெரியாது என்றது. ஓங்கிக் குத்தலாம் போல இருந்தது. ஓடிப் போனவள் வராந்தாவின் அந்தக் கோடியில் நின்று, அங்கிருந்தே ஒரு கத்தல், கருப்பு ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தேன் என்றால் பார்த்துக்கொள் என்று.

மூடினேன். திறந்தேன். வந்துவிட்டான்.

என்ன அண்ணே, இருமலா? உத்தமபாளையம் வந்தாலே இப்படித்தான், ரோட்டு வேலை, ஒரே புழுதி. ஜன்னலைச் சாத்துங்கள். தண்ணீர் இருக்கிறதா? நான் சொல்வதை நிறுத்தவா? வேண்டாமா? சரி.

ஒவ்வொரு நாளும் இதே கதை. ஜன்னலோர மெஷின்கள் பழசு, அவற்றில் மஞ்சள் பென்டிரைவ் சரக்கு ஓடவில்லை. நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாள், அந்தப் பழைய மெஷினுக்கென்று நீலப் பென்டிரைவில் தனியாக வைத்திருப்பதைத் தொடக் கூடாது என்று. அதற்கடுத்து, நான் கம்பைல் பண்ணுகிற ஒவ்வொன்றையும் ஆன்டிவைரஸ் விழுங்க ஆரம்பித்தது. இந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விட்டுவிடு என்று அதன் செட்டிங்கில் எழுதி வைத்தாயோ தொலைந்தாய் என்று ஒரு மிரட்டல். எழுதி வைத்தேன். தொலையவில்லை. எப்போது பார்த்தாலும் நான் எந்த இடத்தில் சிக்கியிருக்கிறேனோ சரியாக அந்த இடத்தில் வந்து திட்டுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சனியன் பிடித்த நேரம் என்பது அதுதான்.

கடைசியில் குரல். வீட்டில் போர்வைக்குள் புகுந்து எல்லாக் குரலையும் செல்போனில் பதிவு பண்ணிக் கொண்டு வந்தேன். அதை ஸ்பீக்கரில் ஒலிக்க வைக்கிற புரோகிராம் எழுதினால், கம்பைலர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு கடைசி நிமிஷத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று காலை வாரியது. அன்றைக்கு அவள் சொன்னது, சத்தம் போடுகிற லைப்ரரியை, அதாவது ஒலிக்கென்று யாரோ எழுதி வைத்த புரோகிராம் மூட்டையை, கட்டளையின் வாலில் சேர்க்கிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே என்று. சேர்த்தேன். பேசியது அண்ணே. எச்.எம். பேசினார். ஆளில்லாத லேப்பில், சந்தனப் பொட்டு வைத்த மெஷின், "ஹ்ம்ம்" என்றது. மெஷின் மெஷினாகப் போய் எல்லாவற்றையும் பேச வைத்தேன். அந்த வாரம் எச்.எம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, பையன் திருந்திவிட்டான் என்று பியூனிடம் சொன்னாராம்.

பரீட்சை நாள் வந்தது. எக்ஸ்டர்னல் நாகர்கோவில் பக்கத்துக்காரர். சீட்டுக் குலுக்கினார்கள், ஹாஜிராவுக்கு நடு மெஷின். எனக்கு அவளுக்கு நேர் பின்னால். இதைவிட நல்ல இடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அவள் டைப் அடித்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பைல் கொடுத்தாள்.

ஒன்றும் இல்லை.

ஒரு கனைப்புக்கூட இல்லை. கம்பைல் ஆனது, ஓடியது, விடை வந்தது. சுற்றிலும் எல்லாருக்கும் அப்படியே. வகுப்பில் முதல் தடவையாக விடை பென்சில் இல்லாமல் வந்தது. தமயந்தி மிஸ் மெஷின் மெஷினாகப் போய்த் தொட்டுப் பார்த்தார். எக்ஸ்டர்னல் என் தோளைத் தட்டி, "கொள்ளாமே மக்ளே, ஒண்ணு பாக்கியில்லாம எல்லாம் ஓடுகே" என்றார். நான் தலையைத் திருப்பினேன். மூலையில் ஒரு சாக்கு. சாக்கு வாயிலிருந்து கருப்பு ஒயர்கள் எலி வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனை மெஷின் ஸ்பீக்கரும் அதற்குள். பரீட்சைக்கு எதுக்கு சார் ஸ்பீக்கர், இடத்தை அடைக்குது என்று காலையிலேயே எச்.எம்.மிடம் அனுமதி வாங்கிக் கழற்றி வைத்தது யார்? லீடரம்மாதான்.

என் குரல் எல்லாம் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறது அண்ணே. வெளியே வர வழியில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சாக்கைத் தூக்கி முல்லையாற்றில் போட்டிருப்பேன்.

அதோடு விட்டாளா? மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு எச்.எம். ரூமுக்குப் போனாள். போட்டுக் கொடுக்கத்தான் போனாள், வேறு எதற்கு? ரேடியோ லேப்பில் பென்டிரைவைத் தொட்டான், பாத்தைத் தொட்டான், எல்லா மெஷினையும் நோண்டினான் என்று பற்ற வைத்திருப்பாள். எச்.எம். ஒரு மாதிரியான ஆள், எதைச் சொன்னாலும் தலைகீழாகப் புரிந்துகொள்வார். மறுநாள் பிரேயரில், அதே மைக்கில்: "ஹ்ம்ம். ஆகவே மாணவச் செல்வங்களே, நமது கணினி ஆய்வகத்தைத் தனி ஒருவனாக நின்று சீர்செய்த மாணவன் வேல்பிரகாஷுக்கு ஆண்டு விழாவில் நற்பண்பு விருது. அவனது பலகுரல் நிகழ்ச்சிக்கும் அனுமதி வழங்கப்படுகிறது."

நற்பண்பு அண்ணே. எனக்கு. மொத்தப் பள்ளிக்கூடமும் திரும்பிப் பார்க்கிறது. பி.டி. சார் கை தட்டுகிறார். அன்றிலிருந்து ஒருவனும் என்னை ரேடியோ என்று கூப்பிடவில்லை. வேல்பிரகாஷ் சார், வணக்கம் சார், எங்க வீட்டு மிக்ஸி ஓடல, கொஞ்சம் வந்து பாருங்க சார். எட்டாம் வகுப்புப் பொடியன்கள்கூட.

மைக் கிடைத்ததே, பிறகென்ன கோபம் என்கிறீர்கள். நற்பண்பு விருது வாங்கினவன் எச்.எம். மாதிரி கனைத்தால் எவன் சிரிப்பான்? திட்டு வாங்கினவன் பண்ணினால்தான் அது மிமிக்ரி. நல்ல பிள்ளை பண்ணினால் அது பேச்சுப் போட்டி. அப்பா பின்னால் நிற்பார், மேடையில் நான் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், யாரும் சிரிக்க மாட்டார்கள், அவரும் சிரிக்க மாட்டார். இன்றைக்கு ராத்திரிதான் விழா. மேடைக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் பஸ் ஏறிவிட்டேன். தேனியில் சித்தி வீடு இருக்கிறது. மேடையும் வேண்டாம், கேடயமும் வேண்டாம்.

கிளம்பும்போது அவள் எதிரே வந்தாள். பையோடு ஓடுகிறவனைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ராத்திரி மேடை ஏறுனே, கைய ஒடிச்சுருவேன்" என்றாள். சரி, ஏறவில்லை போ என்று வந்துவிட்டேன். ஒரு தடவையாவது அவள் சொன்னதைக் கேட்டேன் பாருங்கள், அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஏன் அப்படி ஆனாள் என்று தெரியவில்லை. ஜெயித்தவள்தானே.

சின்னமனூர் தாண்டியாச்சா? சரி அண்ணே, காக்க வைத்தது போதும். சிரிப்பு இப்போது வருகிறது. இன்றைக்கு மேடையில் பண்ணுவதற்காக வைத்திருந்த உருப்படி, உங்களுக்கு மட்டும். ஹாஜிரா, லேப் வாசல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நெஞ்சோடு அணைக்க ஒரு பை வேண்டும், அந்தத் திராட்சைப் பையைக் கொடுங்கள். தொண்டையைக் கொஞ்சம் ஏற்றி, மூச்சைக் கொஞ்சம் பிடித்து.

"த பாரு ரேடியோ. பீரோவுல மஞ்ச பென்டிரைவ் இருக்கு, அதுலதேன் கம்பைலர் இருக்கு. எடுத்தே, கைய ஒடிச்சுருவேன். டெஸ்க்டாப்புல கெடக்குற ஃபோல்டரத் தூக்கி, நேரா சி டிரைவ்ல, எடம் விடாம இங்கிலீஷ்ல பேரு வச்சே, மிஸ்கிட்டச் சொல்லிருவேன். கண்ட்ரோல் பேனலு, சிஸ்டம், அட்வான்ஸ்டு, என்விரான்மென்ட் வேரியபிள்ஸு, பாத்து. இருக்கிறத அழிக்காமக் கடைசில பின் ஃபோல்டரச் சேத்தே, அம்புட்டுதேன். கருப்பு ஜன்னல மூடிட்டுப் புதுசாத் தொறந்தே, அம்புட்டுதேன். பழைய மெஷினுக்கு நீல பென்டிரைவ், ஆன்டிவைரஸ்ல இந்த ஃபோல்டர விட்டுரு, சத்தத்துக்கு லைப்ரரியக் கடைசில சேரு, இதெல்லாம் செஞ்சே..."

இருங்கள். ஒரு நிமிஷம்.

இன்னொரு தடவை பண்ணுகிறேன். கையை ஒடிப்பதை மட்டும் விட்டுவிட்டு.

"மஞ்ச பென்டிரைவ எடு. சி டிரைவ்ல வை. பாத்துல கடைசில சேரு. மூடிட்டுத் தொற."

அண்ணே, திட்டு இப்படி வரிசையாக வராதே. எங்கள் அம்மா திட்டினால் மூன்றாம் வகுப்பில் நான் உடைத்த டம்ளரும் நேற்று குளிக்காததும் ஒன்றாகத்தான் வரும். இது ஒன்று முடிந்து ஒன்று வருகிறது. நான் ஒன்றை முடித்த பிறகு அடுத்தது வருகிறது.

லேப்பில் உட்கார வை என்று சொன்னது அவள். பீரோவைப் பூட்டாமல் போனது அவள். சத்தம் போடுகிற லைப்ரரி என்றாளே, நான் சத்தம் போட வைக்கப்போகிறேன் என்று அவளிடம் யார் சொன்னது? அது தெரிந்துதான் ஸ்பீக்கரெல்லாம் சாக்குக்குள் போனது. அப்படியானால் எச்.எம். ரூமுக்குப் போனது...

மேடை ஏறினால் கையை ஒடிப்பேன் என்றாளே, அது...

மணி என்ன அண்ணே? கண்டக்டர் முன்னால் நிற்கிறாரா, பின்னாலா? விசில் அடிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புகிறீர்கள்? தோள் குலுங்குகிறதே. அண்ணே, இங்கே பாருங்கள். உத்தமபாளையத்தில் வந்ததே, அது இருமல் இல்லையா?